மீன்களின் வாழ்வும் மீன்களைப் பற்றிய வழக்குமொழிகளும்

கடலூர், சிதம்பரம் பிரதேசங்களில் நெல்லும் மீனும் ஒரே நீரில் வளர்வன. கொள்ளிடத்து நீர் கீழணையினின்று வடவாற்றின் வழியாக வீராணம் ஏரியை அடைந்து, மதகுகளின் வழியே வயல்களுக்குப் பாய்கிறது. அந்நீரோடு மீன்களும் வருகின்றன. ஆதலால் குடியானவர்களின் பேச்சில் மீனைப் பற்றிய வழக்குமொழிகள் மலிந்திருப்பதில் வியப்பில்லை. அவற்றின் உண்மையை ஆராய்வது பயனுடைத்து.

“கரையில் போட்ட மீன்போல் துடித்தான்” என்பர. மீன் செவுள்களால் சுவாசிப்பது. நீரில் விரிந்து நிற்கும் செவுளிழைகள் கரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், சுற்றிலும் காற்றிருந்தும் அது மூச்சுத் திணறி மாள்கிறது. நீருக்குள்ளேயும் இத்துன்பம் நேரக்கூடும். தழையும் பாசியும் அழுகும் குட்டைகளில் இரவில் பிராணவாயு குறைகிறது. விடியுமுன் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிக்குமாயின், உடனே புதுநீர் விடவேண்டும்.

“மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?” என்பது மற்றொன்று. கற்றுக்கொடுக்க வேண்டுவதில்லை, ஆனால் காவல் வேண்டும். விரால் மீன் புதுநீர் பெருகும் பருவத்தில் புல்பூண்டுகளுக்கிடையே இடம் திருத்தி முட்டையிடும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய்த் திரியும்போது தாயும் தந்தையும் அவற்றைக் காத்து உடன் செல்லும். அக்கூட்டத்தைக் கண்டு, கீழிருக்கும் பெரிய மீனைக் குத்திப் பிடிப்பது எளிது. ஆனால் ஒரு மீனைப் பெறுவதற்காகக் காவலற்ற குஞ்சுகள் அனைத்தும் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. மறு ஆண்டுக்குரிய விளைவு அதனோடு போய்விடுகிறது.

“பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு” என்று இரண்டகம் செய்வோரைப் பழிப்பதுண்டு. விலாங்கு பாம்பன்று, மீனே. அது ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குச் செல்வது. உல்லமோ கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறுவது. 1836-ல் கட்டப்பட்ட கீழணை பாசனத்துக்குப் பேருதவி புரிந்ததாயினும், கொள்ளிடத்தில் உல்லம் மேலேறும் வழியைத் தடுத்துவிட்டது. ஆற்றுவழி இவ்வாறு குறுகிய பின், ஏரி குளங்களிலுள்ள மீன்களைப் பேணுவது முன்னிலும் அவசியமாகிறது.

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது பூச்சிமருந்துக்கும் பொருந்தும். பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்கும் கால்நடைக்கும் தரும் தீங்கு சிறிதாயினும், மீனுக்கு மிகக் கொடிய நஞ்சு. மருந்து தெளித்த வயலின் நீரை உடனே வடிகாலில் விடலாகாது. தெளிப்பான்களைக் குளத்தில் கழுவுதலும் கூடாது.

கிராம அதிகாரிகள் குளத்து மீன்பாசியைக் குத்தகைக்கு விடுங்கால், குஞ்சு காக்கும் விராலைப் பிடிக்கலாகாது என்றும், கோடையில் ஆழமான மடு ஒன்றில் தாய்மீன்களுக்கு நீர் நிறுத்தவேண்டும் என்றும் நிபந்தனை விதிப்பது நன்று. குளத்தை ஒருசேர இறைத்துப் பிடிப்போர்க்கு ஓராண்டுப் பயனே உண்டு. தாய்மீனை விட்டுவைப்போர்க்கோ ஆண்டுதோறும் பயனுண்டு.