விமானத்துக்கு வேறு மின்சாரம்

சாங்கியில் விமானம் வந்து நின்றதும் கண்ணாடிக்கு அப்பால் சற்றுக் கவனியுங்கள். ஊழியர் ஒருவர் தடித்த கேபிள் ஒன்றை இழுத்துவந்து விமானத்தின் அடிப்பகுதியில் செருகுவார். பயணிகள் இறங்கும்போது எரியும் விளக்குகளுக்கும் விமானி அறைக் கருவிகளுக்கும் அதன் வழியாகவே மின்சாரம் போகிறது. எரிபொருளை எரித்து மின்சாரம் தயாரிக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் வீட்டு மின்சாரம் அதற்கு ஆகாது. சிங்கப்பூரில் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். விமானம் கேட்பதோ 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். அதனால் நடுவே ஒரு மாற்றி வேலை செய்கிறது. வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பிறகு நொடிக்கு 400 முறை ஊசலாடும் மாறுமின்னோட்டமாக அது திருப்பித் தருகிறது.

எதற்கு 400? எடைதான் காரணம். மின்மாற்றியிலும் மோட்டாரிலும் உள்ள இரும்பு, ஒவ்வோர் அரை ஊசலிலும் காந்தப்புலத்தைத் தாங்க வேண்டும். ஊசல் வேகமானால் காந்தப்புலம் வளர நேரம் குறைவு. எனவே குறைந்த இரும்பே போதும். வானில் பறப்பவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. இவ்வளவு வேகமான ஊசல் நீண்ட கம்பிகளில் மின்னழுத்தத்தை இழக்கும், ஆனால் விமானத்துக்குள் கம்பிகளின் தூரம் சில பத்து மீட்டர்தானே!

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் உங்கள் சமையலறைக்கு வந்துவிடலாம். ஜப்பானில் வாங்கிய 100 வோல்ட், 600 வாட் சோறாக்கும் பானையை இங்கே நேராகச் செருகினால் என்ன ஆகும்? அழுத்தம் 2.3 மடங்கு, வெப்பமோ அதன் வர்க்கம், 5.3 மடங்கு. ஏறத்தாழ 3,200 வாட்! 13 ஆம்பியர் பிளக் தாங்குவது 3,000 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஃபியூஸ் போவதற்குள் பானை கருகிவிடலாம்.

சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைக்கும் சிறு அடாப்டர் இங்கே உதவாது. அது பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும். தமிழ்நாட்டு மிக்சிக்கு அதுவே போதும். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த மின்விசிறிதான் தந்திரமானது. மின்மாற்றி வைத்து 120 வோல்ட்டாகக் குறைத்துவிடலாம். ஆனால் எந்த மின்மாற்றியும் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. இந்த ஊசலைக் கொண்டு நேரம் காட்டும் பழைய மின்கடிகாரமானால் ஒரு மணி நேரத்தில் 50 நிமிடமே ஓடும். மின்விசிறியும் மெதுவாகச் சுழலும். நீண்ட ஊசல்களால் இரும்பில் காந்தப்புலம் தெவிட்டி, மோட்டார் சூடேறும். தொட்டுப் பார்த்துச் சூடு அதிகமென்றால் நிறுத்திவிடுங்கள். ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 என்று இரண்டும் புழங்குவதால் அங்கு விற்கும் பல பொருள்களில் 50/60 என்றே அச்சிட்டிருக்கும். அந்த வகையில் நமக்கு நிம்மதி.

தொலைபேசி சார்ஜரின் பின்புறத்தையும் படித்துப் பாருங்கள்: 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ். எது வந்தாலும் அதை நேர்மின்னோட்டமாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை ஊசலாட வைக்கிறது. அதனால்தான் அதன் மின்மாற்றி விரல்நுனி அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. சாங்கியில் விமானத்துக்குச் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.