ஒலிச்சாதனங்களில் மின்தேக்கி மாற்றுதல்

ஆம்ப்ளிஃபையர், ரேடியோ, ஸ்பீக்கர் பெட்டி முதலிய ஒலிச்சாதனங்களில் பழுதான அல்லது முதிர்ந்த மின்தேக்கிகளை நீக்கிப் புதியவற்றைப் பொருத்துவது மின்தேக்கி மாற்றுதல் எனப்படும். பழுதுபார்ப்போர் மின்தேக்கியைக் ‘கண்டென்சர்’ என்றே சொல்வர். இரைச்சலைப் போக்கவும் ஒலித்தரத்தை உயர்த்தவும் இது செய்யப்படுகிறது. விலையையும் நிறுவனத்தின் பெயரையும் விட, மின்தேக்கி சுற்றின் எந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதே தேர்வைத் தீர்மானிக்கிறது. பொருந்தாத மின்தேக்கி நல்ல கருவியையும் எரித்துவிடும்.

கன்னியாகுமரி மாவட்டச் சூழல்

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் கடலோர மாவட்டம். அம்மன் கோயில் கொடைகளிலும் தேவாலயத் திருவிழாக்களிலும் மைக் செட்டுகள் பல மணிநேரம் தொடர்ந்து இயங்குகின்றன. நீடித்த வெப்பம் மின்பகு மின்தேக்கிக்குள் இருக்கும் திரவத்தை உலர்த்துகிறது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் உலோகக் கால்களையும் பற்றாசு இணைப்புகளையும் அரிக்கின்றன. எனவே குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் கரகரப்பு ஏற்பட்டால், மின்தேக்கியைக் குறைசொல்லும் முன் பற்றாசு இணைப்புகள், செருகு முனைகள், வால்யூம் கன்ட்ரோல் ஆகியவற்றைச் சோதித்துத் தூய்மை செய்ய வேண்டும்.

பவர் சப்ளை பகுதி

இங்கு மின்பகு மின்தேக்கிகள் பயன்படுகின்றன. இந்தியாவின் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், முழு அலைத் திருத்திக்குப் பிறகு எஞ்சும் அலைவு 100 ஹெர்ட்ஸ் ஆகும். மின்தேக்கி வலுவிழந்தால் இதுவே ‘ம்ம்’ என்ற ரீங்காரமாகக் கேட்கும். 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கியிலிருந்து 1 ஆம்பியர் எடுக்கும்போது அலைவு ஏறத்தாழ 2 வோல்ட். கொள்ளளவு பாதியானால் அது 4 வோல்ட்டாக உயரும்.

மாற்றுப் பொருளின் வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 35 வோல்ட் நிற்கும் இடத்தில் 50 வோல்ட் மின்தேக்கி பொருத்தமானது. கொள்ளளவைச் சற்றுக் கூட்டலாம். பன்மடங்கு கூட்டினால், சுவிட்ச் போட்டவுடன் பாயும் மின்னோட்டம் பெருகி டயோடுகளையும் ஃபியூசையும் பாதிக்கும்.

வெப்ப அளவும் முக்கியமானது. மின்பகு மின்தேக்கியின் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர் வழக்கு. இக்கணக்கின்படி, 65 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 85 டிகிரிக்கு 2,000 மணிநேரம் என்று குறிக்கப்பட்டது 8,000 மணிநேரமும், 105 டிகிரிக்கு 2,000 மணிநேரம் என்று குறிக்கப்பட்டது 32,000 மணிநேரமும் உழைக்கும். நீண்ட நேரம் ஓடும் மைக் செட்டுக்குப் பின்னதே ஏற்றது.

ஒலி செல்லும் பாதை

இணைப்பு மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுத்து ஒலிக்குறிப்பை மட்டும் கடத்துகிறது. அடுத்த கட்டத்தின் மின்தடை 47 கிலோ ஓம் எனில், 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி சுமார் 34 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியைக் குறைக்கத் தொடங்கும். 1 மைக்ரோஃபாரட் அந்த எல்லையைச் சுமார் 3.4 ஹெர்ட்ஸுக்கு இறக்கும். இவ்விடத்தில் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் படல மின்தேக்கிகள் சிறந்தவை. அதிகக் கொள்ளளவுள்ள பீங்கான் வகைகளில் பல, வோல்ட் மாறும்போது கொள்ளளவும் மாறி ஒலியைத் திரிக்கக்கூடும்.

வால்வு ரேடியோ, வால்வு ஆம்ப்ளிஃபையர்களில் பழைய காகித மின்தேக்கிகள் ஈரத்தால் கசியத் தொடங்கும். அந்தக் கசிவு வெளியீட்டு வால்வின் கிரிடில் நேர்மின்னழுத்தத்தை ஏற்றினால் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் எரிந்துபோகலாம். ஆகவே இத்தகைய கருவியை இயக்கும் முன்பே அவற்றை மாற்றுவது நல்லது. சுற்றின் மின்னழுத்தத்தைப் பொறுத்து 400 அல்லது 630 வோல்ட் படல மின்தேக்கி பொருந்தும்.

ஸ்பீக்கர் பெட்டி

குரல் பிரிப்புச் சுற்றில் முனைவற்ற மின்பகு மின்தேக்கி இருந்தால், அதே கொள்ளளவுள்ள படல மின்தேக்கியை இடலாம். அதன் உள்மின்தடை மிகக் குறைவு என்பதால் ட்வீட்டரின் ஒலி சற்றுக் கூர்மையாகக் கேட்கலாம்.

மெயின்ஸ் பக்கம்

230 வோல்ட் கம்பிகளுக்கு இடையே ‘எக்ஸ்’ வகையும், மின்கம்பிக்கும் உலோக உடலுக்கும் இடையே ‘ஒய்’ வகையும் மட்டுமே பொருத்தப்பட வேண்டும். சாதாரண மின்தேக்கி இட்டால் தீப்பிடிக்கலாம். கருவியைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கலாம்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

பழைய மின்தேக்கிக்குப் புதிய உறை சுற்றி விற்பதும், பெரிய உறைக்குள் சிறியதை வைத்து விற்பதும் உண்டு. வாங்கியதைக் கொள்ளளவு மானியில் அளந்த பிறகே பொருத்த வேண்டும். மின்பகு மின்தேக்கியின் உறையில் உள்ள பட்டை எதிர்முனையைக் காட்டும். முனை மாறினால் மின்தேக்கி வெடிக்கலாம்.

பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். வால்வு கருவிகளில் இது உயிருக்கே ஆபத்தானது. தகுந்த மின்தடை வழியாக அதை வடித்து, மல்டிமீட்டரில் பூஜ்ஜியம் காட்டுவதை உறுதிசெய்த பிறகே உள்ளே கைவைக்க வேண்டும். வேலை முடிந்ததும் முதல் தடவை 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துக் கருவியை இயக்குவது வழக்கம். பல்பு ஒருகணம் மின்னி மங்கினால் பொதுவாகக் குறையில்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் சர்க்யூட் இருக்கக்கூடும். உடனே அணைத்துவிட வேண்டும்.