வெட்ட வெட்டப் பூக்கும்!

நவம்பர் மாதக் கடைசியில் மதுரைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களைப் பார்த்திருக்கிறீர்களா? புதராக அடர்ந்திருந்த குண்டுமல்லிச் செடிகளைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டியிருப்பார்கள். வெறும் குச்சிகள்தான் நிற்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் மார்ச் பிறந்ததும் அதே செடி மொட்டுகளாகக் கொட்டும். இப்படி வெட்டிவிடும் வேலைக்குக் கவாத்து என்று பெயர்.

வெட்டினால் எப்படிப் பூ வரும்? குண்டுமல்லி, முற்றிய பழைய கிளையில் மொட்டு வைக்காது. புதிதாகத் துளிர்க்கும் கிளையில்தான் வைக்கும். ஆகவே புதுத்துளிர் எவ்வளவு அதிகமோ, பூவும் அவ்வளவு அதிகம்.

சரி, புதுத்துளிர் எங்கிருந்து வருகிறது? ஏதாவது ஒரு செடியின் இலை, தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே கடுகளவில் ஒரு பக்கமொட்டு இருக்கும். அது வளராமல் உறங்கிக் கிடக்கும். அதை உறங்க வைப்பது தண்டின் நுனி! அங்கே உண்டாகும் ஆக்சின் என்ற பொருள் தண்டு வழியே கீழே இறங்கி, பக்கமொட்டுகளை வளர விடாமல் தடுக்கிறது.

1930களில் திமான், ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் இதை அவரைச் செடியில் சோதித்தார்கள். நுனியை வெட்டினார்கள், பக்கமொட்டுகள் வளர்ந்தன. வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தார்கள். நுனியே இல்லாதபோதும் மொட்டுகள் அடங்கியே இருந்தன. எவ்வளவு எளிய, அழகான சோதனை! பக்கமொட்டுகளை அடக்குவதில் சர்க்கரைக்கும் பங்கு உண்டு என்று பின்னால் தெரிந்தது. இலைகள் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியை வேகமாக வளரும் நுனி இழுத்துக்கொள்கிறது. நுனி போனதும் அந்தச் சர்க்கரை பக்கமொட்டுகளுக்குப் போகிறது.

ரோஜாவில் வாடிய பூவை வெட்டி எடுப்பதற்குக் காரணம் வேறு. பூவை அப்படியே விட்டால் அது காயாகி விதை வைக்கும். செடியின் உணவு அங்கே செலவாகிவிடும். வெட்டினால், அடுத்த துளிரும் மொட்டும் சீக்கிரம் வரும். வெளிப்பக்கம் பார்த்த ஒரு பக்கமொட்டுக்குச் சற்று மேலே, சுத்தமான கூர்மையான கத்தரியால், பெரியவர்கள் துணையோடு வெட்டுங்கள்.

தண்ணீரைக் காலையில் வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். ரோஜா இலை பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால் கரும்புள்ளி நோய்ப் பூஞ்சை முளைத்துவிடும். உரமும் அளவோடுதான். தழைச்சத்து மிகுந்தால் செடி இலையாகவே தழைக்கும், பூ குறையும்.

இப்போது உங்கள் முறை. ஒரே அளவுள்ள இரண்டு செண்டுமல்லி நாற்றுகளை நடுங்கள். நட்டு ஒரு மாதம் ஆனதும் ஒன்றில் மட்டும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். நீரும் வெயிலும் இரண்டுக்கும் ஒன்றாகவே கிடைக்கட்டும். கிள்ளிய செடி சில நாள் தாமதமாகத்தான் பூக்கும், பதறாதீர்கள். எதில் எத்தனை கிளை, எத்தனை பூ என்று வாரந்தோறும் எண்ணி நோட்டில் எழுதுங்கள்.