அஞ்சல் தலைக்குள் ஒளிந்திருப்பவை

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பது பழமொழி. இது அஞ்சல் தலைக்கு மிகவும் பொருந்தும். பார்ப்பதற்கு அது ஒரு சிறு காகிதத் துண்டுதான். ஆனால் அதை ஒட்டிவிட்டால் நம் கடிதம் மலையும் கடலும் கடந்து உரியவரிடம் போய்ச் சேருகிறது. ஏனெனில் அது வெறும் படமன்று. கடிதத்திற்கான கட்டணம் செலுத்தப்பட்டது என்பதற்குரிய சான்று. பணத்திற்குச் சமமான எந்தப் பொருளையும் போலியாகச் செய்யச் சிலர் முனைவது இயல்பு. அவர்களைத் தடுப்பதற்காகவே அஞ்சல் தலைக்குள் பல இரகசியங்களை மறைத்து வைக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றை இங்கே காண்போம்.

முதல் தலையிலேயே காவல்

முற்காலத்தில் இங்கிலாந்து நாட்டில் கடிதக் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவரே செலுத்தினார். தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கட்டணம் ஏறியது. ஏழைகளுக்குக் கடிதம் என்பது எட்டாக் கனியாகவே இருந்தது. இந்நிலையை மாற்ற எண்ணிய ரோலண்ட் ஹில் என்பவர், அரை அவுன்சு எடையுள்ள கடிதம் நாட்டில் எங்குச் சென்றாலும் ஒரு பென்னிதான் என்றும், அதை அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்தலாம் என்றும் திட்டம் வகுத்தார். அதன்படி 1840-ஆம் ஆண்டு மே மாதம் உலகின் முதல் அஞ்சல் தலையான 'பென்னி பிளாக்' வெளிவந்தது. போலித் தலைகள் பெருகினால் அரசின் வருமானம் குன்றும். ஏழைகளுக்குக் கிடைத்த அந்த வசதியும் பறிபோகும். ஆகவே தொடக்கத்திலேயே காவலைப் பலப்படுத்தினார்கள்.

அத்தலையில் விக்டோரியா அரசியின் முகம் பொறிக்கப்பட்டிருந்தது. இது அரசிக்குச் செய்த மரியாதை மட்டுமன்று. ஒரு பூவையோ கட்டடத்தையோ சற்று மாற்றி வரைந்தால் நம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. மனித முகத்தில் மூக்கோ உதடோ இம்மியளவு மாறினாலும் உடனே தெரிந்துவிடும். முகத்தின் பின்னணியில் இயந்திரத்தால் செதுக்கிய மெல்லிய கோடுகள் பின்னலாக ஓடின. காகிதத்துக்குள் ஒரு சிறிய கிரீடம் நீர்க்குறியாக இருந்தது.

இவற்றினும் சுவையானவை கீழ் மூலைகள் இரண்டிலும் இருந்த எழுத்துகள். ஒரு முழுத் தாளில் வரிசைக்கு 12 வீதம் 20 வரிசைகளில் 240 தலைகள் இருந்தன. முதல் எழுத்து வரிசையையும், இரண்டாம் எழுத்து அவ்வரிசையில் தலையின் இடத்தையும் குறித்தன. முதல் தலை 'ஏ ஏ'. இறுதித் தலை 'டி எல்'. எனவே ஒரு தாளில் எந்த இரண்டு தலைகளும் ஒன்றுபோல் இரா. போலி செய்பவன் ஒரே அச்சை வைத்துக்கொண்டு பல தலைகள் அடித்தால், எல்லாவற்றிலும் ஒரே எழுத்துகள் வந்து அவனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

எழுத்துகள் சொன்ன சாட்சி

இந்த எழுத்துகள் உண்மையிலேயே ஒரு மோசடியை வெளிக்கொணர்ந்தன. 1872, 1873-ஆம் ஆண்டுகளில் லண்டன் பங்குச் சந்தையிலிருந்த தந்தி அலுவலகத்தில், தந்திப் படிவங்களில் ஒரு ஷில்லிங் பச்சைத் தலைகளின் போலிகள் ஒட்டப்பட்டன. வாடிக்கையாளர் கொடுத்த பணம் யாரோ சிலரின் பைக்குப் போயிற்று. அப்போது எவருக்கும் ஐயம் எழவில்லை. ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பின், 1898-இல், அந்தப் பழைய படிவங்கள் சார்லஸ் நிசன் என்னும் தலை சேகரிப்பு வல்லுநரின் பார்வைக்கு வந்தன. நல்ல தலைகளில் இருக்கவேண்டிய ரோஜாக் கிளை நீர்க்குறி அவற்றில் இல்லை. சிலவற்றின் மூலைகளில் எந்தத் தாளிலும் வர முடியாத எழுத்துச் சேர்க்கைகள் இருந்தன! குற்றவாளிகள் தண்டனையிலிருந்து தப்பிவிட்டனர். ஆனால் அவர்கள் செய்த பொய் தப்பவில்லை.

கழுவினால் கலையும் மை

போலி செய்வது ஒரு வகை. பயன்படுத்திய தலையை மீண்டும் பயன்படுத்துவது மற்றொரு வகை. கறுப்புத் தலையின்மீது முதலில் சிவப்பு மையால் முத்திரையிட்டார்கள். அதைச் சிலர் அழித்துவிடவே, 1841-இல் தலையைச் சிவப்பாக்கி முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். 1880-களில் தண்ணீர் பட்டால் தாமே கலைந்துவிடும் ஊதா, பச்சை மைகளில் தலைகளை அச்சிட்டார்கள். முத்திரையைக் கழுவினால் படமும் போய்விடும்! அமெரிக்காவில் 1867 முதல் சில ஆண்டுகள் தலையின்மேல் சிறு சிறு புள்ளிகளாக அழுத்திக் காகித நார்களை உடைத்தார்கள். முத்திரை மை உள்ளே ஊறிவிடுவதால் அதை நீக்க இயலாது.

நம் நாட்டில்

நீர்க்குறி என்பது காகிதம் ஈரமாக இருக்கும்போதே அதில் பதிக்கப்படும் உருவம். அவ்விடத்தில் காகிதம் மெலிந்து, ஒளியில் பிடிக்கும்போது உருவம் தெரிகிறது. 1865-இல் இந்தியத் தலைகளின் நீர்க்குறி யானைத்தலை. பின்னர் நட்சத்திரம் வந்தது. விடுதலைக்குப் பின் அசோகச் சிங்கங்கள் அவ்விடத்தைப் பெற்றன. வத்திக்கான் தலைகள் பலவற்றில் புனித பேதுருவின் குறுக்குச் சாவிகளைக் காணலாம். 1926 முதல் நம் அஞ்சல் தலைகள் நாசிக் நகரில் உள்ள இந்தியப் பாதுகாப்பு அச்சகத்தில் அச்சாகத் தொடங்கின.

மறைந்திருக்கும் படங்கள்

கனடா நாட்டில் 1935 முதல் தலைகளின் ஓவியத்துக்குள்ளேயே ஆண்டினை மிகச் சிறிய எண்களில் ஒளித்து வைத்தார்கள். பூதக்கண்ணாடியின்றி அதைக் காண்பது அரிது.

செர்பியா நாட்டின் 1904-ஆம் ஆண்டுத் தலை வேறு விதமானது. அதில் இரு தலைவர்களின் முகங்கள் உள்ளன. அதைத் தலைகீழாகப் பிடித்தவர்கள், முந்திய ஆண்டு கொலையுண்ட அரசர் அலெக்சாண்டரின் முகம் அதில் தெரிவதாகக் கண்டு திடுக்கிட்டார்கள்! இது காவலுக்காக வைத்த படமன்று. மக்கள் கண்ணுக்கு அப்படித் தோன்றியது.

1997-இல் அமெரிக்கா தன் விமானப்படையின் பொன்விழாத் தலையில் விஞ்ஞான முறையில் ஒரு மறைபொருளை வைத்தது. மறைக்க வேண்டிய எழுத்தை நுண்ணிய கோடுகளாகப் பிரித்து, அவற்றைச் சற்று இடம் மாற்றிப் படத்தோடு கலந்துவிடுவார்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதற்கென்று செய்த பிளாஸ்டிக் வில்லையை வைத்தால் கோடுகள் ஒன்றுகூடி எழுத்து தோன்றும்.

இங்கிலாந்தில் 1957-இல் தலைகளின் பின்புறம் கிராபைட் கோடுகள் இடப்பட்டன. கடிதங்களை இயந்திரமே திருப்பி அடுக்க அவை உதவின. பின்பு புற ஊதாக் கதிரில் ஒளிரும் பாஸ்பர் பூச்சு வந்தது. 1993-இல் பக்கத் துளைகளுக்கிடையே நீள்வட்டத் துளை ஒன்றும், 2009-இல் உரித்தெடுக்க முயன்றால் கிழிந்துவிடும் வெட்டுகளும் சேர்ந்தன. 2022-இல் வந்த தலைகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறிக்கோடு உண்டு. ஒவ்வொரு தலைக்கும் ஓர் அடையாளம் என்ற எண்ணம், 1840-ஆம் ஆண்டின் மூலை எழுத்துகளை நினைவூட்டுகிறதல்லவா?

நாம் செய்யக்கூடியது

தோழியரே! பயன்படுத்திய தலைகளை மறைபரப்புப் பணிக்காகச் சேர்த்துக் கொடுக்கும் நல்வழக்கம் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் உண்டு. அவ்வாறு சேர்க்கும்போது ஒவ்வொன்றையும் ஒளியில் பிடித்துப் பாருங்கள், பூதக்கண்ணாடியால் நோக்குங்கள். பழைய ஊதா, பச்சைத் தலைகளைத் தண்ணீரில் மட்டும் இட்டுவிடாதீர்கள்.

சில நேரம் முத்திரை விழாத தலை நம் கைக்கு வரும். மீண்டும் ஒட்டினால் யாருக்குத் தெரியும் என்று மனம் சொல்லும். கிரீடமும் யானையும் மையும் இயந்திரமும் காவல் காப்பது அந்தச் சிறு சபலத்திலிருந்துதான். சிறியவற்றில் உண்மையாய் இருப்பதைப் பற்றி நம் ஆண்டவர் கூறியதை நாம் அறிவோம். எந்த வில்லைக்கும் தெரியாத இடத்திலும் நேர்மை நமக்குள் நீர்க்குறியாகப் பதிந்திருக்கட்டும். ஒளியில் பிடிக்கும் நாளில் அது தெளிவாகத் தெரியும்.

— பத்தாம் வகுப்பு மாணவி