பள்ளிவாசலும் அயலும்

பள்ளி என்பது தமிழில் மிகப் பழைய சொல். துயிலுமிடத்துக்கும், துறவியர் உறைவிடத்துக்கும், சிற்றூருக்கும் அது பெயராய் வழங்கிற்று. சமண முனிவர் தங்கிய பள்ளிகளிலே பிள்ளைகள் கல்வி பயின்றமையாற் கற்குமிடம் பள்ளிக்கூடமாயிற்று என்பர். தமிழ் வழங்கும் நிலத்தில் இஸ்லாம் வேரூன்றியபோது, மஸ்ஜித் என்னும் அரபுச் சொல் இருக்கவும், தமிழ் பேசும் முஸ்லிம்கள் தம் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்றே அழைக்கலாயினர். தொழுகை, நோன்பு, பெருநாள், ஓதுதல் என்பனவும் அவ்வாறே தமிழாக நின்றன. கோயிலிலே ஓதுவார் ஓதுகின்றார். பள்ளியிலே சிறுவர் ஓதுகின்றனர். வினைச்சொல் ஒன்றே. ஒரு சமூகம் தன் வழிபாட்டுக்குரிய உயிர்ச்சொற்களை அயலாரும் அறிந்த மொழியிலிருந்து எடுத்துக்கொள்ளுமாயின், அஃது அயலாரோடு நெடுங்காலம் கூடி வாழ்ந்தமைக்குச் சான்றன்றோ?

யாழ்ப்பாண நகரின் மேற்குப் பக்கத்தில், வண்ணார்பண்ணையை அடுத்து, சோனகர் தெரு எனப் பெயர் பெற்ற பகுதி உண்டு. ஐந்து சந்தியைச் சூழ்ந்த ஒழுங்கைகளிலே பள்ளிவாசல்கள் அமைந்துள்ளன. தையற்றொழில், இரும்புக்கடை, இறைச்சி வாணிகம், லொறிப் போக்குவரத்து முதலியவற்றால் அங்குள்ளோர் குடாநாடெங்கும் அறியப்பட்டிருந்தனர். கல்விமான் ஏ. எம். ஏ. அஸீஸ் 1911 இல் வண்ணார்பண்ணையிலே பிறந்தவர். குர்ஆன் ஓதக் கற்ற அவரே வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்று, பின்னர்க் கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார். ஓதற்பள்ளியும் சைவப் பாடசாலையும் ஒரு பிள்ளையின் வாழ்விலே முரண்படாது பொருந்தியமை நம் ஆசிரியர்கள் சிந்தித்தற்குரியது.

பள்ளிவாசல் தொழுகைக்கு மாத்திரம் உரிய இடம் என்று எண்ணுவோர் அதனை வெளியே நின்று பார்ப்பவர்களேயாவர். நாடோறும் ஐந்து வேளை எழும் பாங்கொலி முஸ்லிம்களைத் தொழுகைக்கு அழைக்கின்றது. அயலாருக்கோ அது நாழிகை காட்டுகின்றது. வைகறைப் பாங்கு கேட்டு அடுப்பு மூட்டிய சைவ வீடுகளும், அந்திப் பாங்கு கேட்டு விளக்கேற்றிய வீடுகளும் யாழ்ப்பாணத்திற் பல இருந்தன. தொழுமுன் கைகால் கழுவும் ஹவுள் என்னும் நீர்த்தொட்டியின் கரையிலே ஊர்ச்செய்திகள் பரிமாறப்படும். யார் நோயுற்றார், யாருக்குத் தொழில் இல்லை, எவ்வீட்டிற் பெண்பிள்ளைக்கு மணம் பேசப்படுகின்றது என்பவற்றை அங்கே அறியலாம். அறிந்தோர் வாளாவிருத்தல் அரிது.

நோன்பு மாதத்திலே இக்கூட்டுறவு கண்கூடாகத் தெரியும். பிற்பகலிற் பள்ளி வளவில் பெரிய கிடாரத்தை அடுப்பேற்றி, அரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, வெந்தயம், இரம்பை, இறைச்சி என்பன சேர்த்துக் கஞ்சி காய்ச்சுவர். இன்ன நாட்கஞ்சி இன்னாருடையது என முறைவைத்துச் செலவை ஏற்பர். பாத்திரங்களோடு வரும் சிறுவரின் வரிசையில் வறியவன் மகனும் வணிகன் மகனும் அடுத்தடுத்து நிற்பர். இருவர் கலத்திலும் விழுவது ஒரே அகப்பைக் கஞ்சி. நோன்பு நோற்காத அயல்வீட்டாருக்கும் அதிற் பங்கு செல்வதுண்டு. வறுமையை வெளிக்காட்டாது உணவு பெறுதற்கு இதனினும் நாகரிகமான வழி காண்டல் எளிதன்று. நோன்புப் பெருநாளன்று தொழுகைக்கு முன் கொடுக்கப்படும் பித்ரா என்னும் தானிய தருமத்தின் நோக்கமும் அந்நாளில் எவ்வீட்டிலும் அடுப்பு எரியாதிருத்தலாகாது என்பதே.

சாவு நேர்ந்த வீட்டுக்குப் பள்ளிவாசல் செய்யும் உதவி இவை யாவற்றினும் பெரிது. உடலைக் குளிப்பாட்டும் பலகையும், சுமந்து செல்லும் சந்தூக்கும் பள்ளியின் பொதுவுடைமை. செல்வனுக்கும் ஏழைக்கும் சந்தூக்கு ஒன்றே. போர்த்துவதும் வெள்ளைத் துணியே. மரணச்செய்தி பள்ளியில் அறிவிக்கப்பட்டதும் ஊரவர் கூடிவிடுவர். மையவாடி வரை சந்தூக்கு தோள் மாறித் தோள் மாறிச் செல்லும். கொரோனா நோயால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்ற ஆணை 2020 முதல் 2021 பெப்ரவரி வரை இந்நாட்டில் நிலவியபோது முஸ்லிம்கள் பட்ட துயரின் ஆழத்தை, இவ்வழக்கத்தை அறிந்தோரே அறிவர். அவ்வாணை அவர்கள் பள்ளியின் கையிலிருந்து அதன் இறுதிக் கடமையைப் பறித்தது.

நிற்க. பள்ளிவாசலின் ஆட்சிமுறையும் நோக்கத்தக்கது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிலே தாய்வழிக் குடிகள் ஒவ்வொன்றும் தன் சார்பில் ஒரு மரைக்காரைத் தெரிந்து பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. சில ஊர்களில் இன்றும் உள்ளது. அம்மரைக்காயர் கூடிய சபை கணக்கைப் பார்க்கும், பிணக்கையும் தீர்க்கும். அயலிலுள்ள இந்துக் கோயில்களிலும் குடிக்கொருவராய் வண்ணக்கர் அமர்வதை ஒப்புநோக்கின், இரு சமூகங்களும் ஒரே நிலத்தின் பயிர்கள் என்பது புலனாகும். 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்புச் சட்டம் பள்ளிவாசல்களைப் பதிவு செய்தற்கும், நம்பிக்கையாளரை நியமித்தற்கும், பள்ளிச் சொத்துக்குக் கணக்குக் காட்டுதற்கும் விதி வகுத்தது. எனினும் நம்பிக்கையாளன் என்ற பெயருக்கு உரமூட்டுவது ஊரவர் அவன்மீது வைக்கும் நம்பிக்கையே.

குறையொன்றையும் கூறாது விடுதல் நேர்மையன்று. இச்சபைகளிலே பெண்களின் குரல் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. பல பள்ளிகளில் அவர்கள் நின்று தொழுதற்கு இடமுமில்லை. ஆயினும் தத்தம் வீட்டு முற்றத்திலே அயற்பிள்ளைகளை அமர்த்தி ஓதிக்கொடுத்தோருட் பெண்கள் பலர். பள்ளியின் புகழைப் பேசுமிடத்து அவர்களை மறத்தல் தகாது.

இனி, துயர் மிக்க பகுதிக்கு வருவோம். 1990 ஆம் ஆண்டு ஓகத்து 3 ஆம் நாள் இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஒற்றோபர் 30 இல் யாழ்ப்பாண நகரிலுள்ளோருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். உடுத்த உடையோடும் சில நூறு ரூபாவோடும் அவர்கள் ஊரை விட்டகன்றனர். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர் தொகை எழுபதினாயிரத்துக்கு மேல் என்பர். பாங்கு சொல்ல ஆளின்றி, கேட்கவும் ஆளின்றிச் சோனகர் தெரு அடங்கிற்று. வீடுகள் கூரையும் கதவும் இழந்தன. முற்றங்களிற் பற்றை மண்டிற்று.

புத்தளம் சென்றோர் அங்கே முதலிற் செய்தது யாது? கிடுகால் வேய்ந்த குடிசைகளின் நடுவே, கிடுகாலேயே தொழுமிடம் ஒன்றையும் அமைத்தனர். ஒரே ஊரவர் சேர்ந்திருந்த முகாம்களில் அத்தொழுமிடமே ஊராயிற்று. நிவாரணப் பொருள்கள் அங்கே பங்கிடப்பட்டன; பிள்ளைகள் அங்கே ஓதினர்; பிறந்த ஊரின் பெயர் அங்கே மறவாது பேசப்பட்டது. நிலம் பறிபோன பின்னரும் ஊர் அழியாதிருத்தற்குப் பள்ளி துணைநின்ற வரலாறு இது. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அழித்தபோதும், உயிர் தப்பியோர் அடைக்கலம் புகுந்த இடங்களுட் பள்ளிவாசல்களும் கோயில்களும் இருந்தன. அவ்வேளையிற் கதவைத் திறந்தோர் வந்தவரின் சமயத்தை வினாவிக்கொண்டிருக்கவில்லை.

2002 இன் போர் நிறுத்தத்தின் பின்னும் 2009 இல் போர் முடிந்த பின்னும் யாழ்ப்பாணத்துக்கு ஒரு சாரார் மீண்டனர். பள்ளிகள் திருத்தப்பட்டன, பாங்கொலி மீண்டும் எழுந்தது. ஆயினும் புத்தளத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே ஊர். அங்கே தொழிலும் பாடசாலையும் உறவும் கண்டோர் இங்கே இடிந்த சுவரையும் காணிப் பிணக்கையும் நாடி வருதல் எளிதன்று. சுண்ணாம்பும் கல்லும் கொண்டு பள்ளிவாசலைப் புதுப்பித்தல் கூடும். அதன் வரிசைகளை நிரப்புதற்கு மனிதர் வேண்டும். அவர்கள் வருவதும் வந்து நிலைப்பதும், அயலில் உள்ளோர் அவர்களை எவ்வாறு ஏற்கின்றனர் என்பதையும் பொறுத்தன. வாடகைக்கு வீடு கொடுத்தல், கடைக்குச் சென்று பொருள் வாங்குதல், வகுப்பில் ஒரே வாங்கில் பிள்ளைகளை அமர்த்துதல் ஆகியன சிறு செயல்களாய்த் தோன்றலாம். அயல் என்பது இவற்றாலேயே ஆவது.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. சீறாப்புராணத்தைத் தேர்வுக்குரிய சில செய்யுள்களோடு நிறுத்திவிடாது, அதனைப் போற்றிய மக்கள் நம் வீதியின் மறுமுனையில் வாழ்ந்தனர், வாழ்கின்றனர் என்பதையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். வண்ணார்பண்ணையிற் பள்ளி எதற்குப் பெயர் என மாணவன் ஒருவன் வினவின், நிகண்டை மாத்திரம் காட்டி அமைதல் போதாது. அவனை ஐந்து சந்திவரை நடத்திச் சென்று, சொல் வாழும் இடத்தையும் காட்டுதல் நன்று.