சொப்ட்வெயார் முகாமையாளர் நேர்முகப் பரீட்சை: நம் பிள்ளைகள் எப்படித் தயாராவது?

புறக்கோட்டையில் துணி, ஹார்ட்வெயார், பலசரக்கு என்று தொழில் செய்யும் நம்மவர்களின் வீடுகளிலிருந்து கணினித் துறைக்குப் போன பிள்ளைகள் இன்று பலர். பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை செய்து முப்பத்தைந்து வயதை நெருங்கும்போது அவர்களுக்கு ஒரு கட்டம் வருகிறது. புரோகிராம் எழுதும் பொறியியலாளராகவே இருப்பதா, அல்லது பத்து இருபது பேரை வைத்து வேலை வாங்கும் முகாமையாளர் ஆவதா? திறமை இருந்தும் இந்தப் படியில் ஏற முடியாமல் நிற்கும் பிள்ளைகளை இங்கே முகத்துவாரத்தில் என் சுற்றத்திலேயே காண்கிறேன். சிலர் மனம் சலித்து வெளிநாடு போய்விட்டார்கள்.

மகன் அப்படி ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போகிறான் என்றால் வாப்பாமார் முதலில் கேட்பது, "அந்தக் கம்பனியில் யாரிடம் சொல்லலாம் நானா?" என்பதுதான். இந்தத் துறையில் சிபாரிசு பெயரை வாசல் வரை கொண்டுபோகும். கதிரையைப் பெற்றுத் தராது. கதிரையைத் தருவது தயாரிப்பு. நான் கணினி படித்தவன் அல்ல. இப்பரீட்சைக்குப் போன பிள்ளைகளிடமும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்பவர்களிடமும் விசாரித்து அறிந்ததை நம் வியாபாரப் பாஷையில் சொல்கிறேன்.

எங்கே இருக்கிறது இந்த வேலை?

தூரத்தில் இல்லை. முகத்துவாரத்திலிருந்து சற்றுத் தூரத்தில், பேஸ்லைன் வீதியிலுள்ள ஓரியன் சிட்டியில் சொப்ட்வெயார் கம்பனிகள் இயங்குகின்றன. 1996இல் கொழும்பில் தொடங்கிய மில்லேனியம் ஐ.டி. கம்பனியை 2009இல் லண்டன் பங்குச் சந்தையே வாங்கியது. 2005இல் ஆரம்பித்த டபிள்யூ.எஸ்.ஓ.2 கம்பனியை 2024இல் சுவீடனின் ஈ.கியூ.டி. முதலீட்டு நிறுவனம் வாங்கியது. நம் சமூகத்தைச் சேர்ந்த ஜிப்ரி சுல்பர் ஆரம்பித்த பிக்மீ 2024இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலானது. இத்தகைய கம்பனிகளுக்குப் புரோகிராம் எழுதுபவர் மட்டும் போதாது. அவர்களை நடத்துபவரும் வேண்டும்.

பரீட்சிப்பது எதை?

கடையில் துணி வெட்டுவதில் கெட்டிக்காரன் ஒருவன் இருப்பான். ஆனால் புதிய கிளைக்கு முகாமையாளராக யாரைப் போடுவோம்? கையிருப்பைப் பார்ப்பவனை, பையன்களைப் பழக்குபவனை, நாம் இல்லாத நேரத்திலும் கணக்குத் தவறாதவனை. இன்டெல் கம்பனியை நடத்திய ஆண்டி குரோவ் 1983இல் வெளியிட்ட நூலில் இதே கருத்தைத்தான் வலியுறுத்தினார். முகாமையாளரின் உற்பத்தி என்பது அவர் கையால் செய்தது அல்ல, அவருக்குக் கீழுள்ளவர்கள் செய்து முடித்தது. கூகுள் 2008இல் தொடங்கிய ஓர் ஆய்வில் நல்ல முகாமையாளரின் 8 பண்புகளை வரிசைப்படுத்தியது. தொழில்நுட்பத் திறமை அதில் எட்டாவதாகவே வந்தது. தேவையில்லை என்று அர்த்தமல்ல. அது மட்டும் போதாது என்று அர்த்தம்.

இது புரியாமல் நம் பிள்ளைகள் இரவு பகலாகப் புரோகிராம் கணக்குகளைப் பயிற்சி செய்து விட்டுப் போகிறார்கள். அங்கே கேட்பதோ வேறு.

எத்தனை அமர்வு?

பெரிய கம்பனிகளில் நான்கு முதல் ஆறு அமர்வுகள் வரை நடக்கும். முதலாவது மனிதவளப் பிரிவின் தொலைபேசி உரையாடல். சம்பள எதிர்பார்ப்பையும் வேலை மாறும் காரணத்தையும் அதில் கேட்பார்கள்.

அடுத்தது சிஸ்டம் டிசைன். "பெருநாளுக்கு முந்திய இரவு கொழும்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் முச்சக்கர வண்டி கேட்டால் உங்கள் செயலி எப்படித் தாங்கும்?" என்பது போன்ற கேள்வி வரும். உடனே விடை சொல்லத் தொடங்குபவர் புள்ளி இழப்பார். எத்தனை பேர் கேட்பார்கள், எது நின்றாலும் எது நிற்கக் கூடாது, செலவு எவ்வளவு தாங்கும் என்று முதலில் விசாரிக்க வேண்டும். அளவு கேட்காமல் சரக்கு ஓடர் போடும் வியாபாரி உண்டா?

மூன்றாவது ஆட்களை நடத்துவது பற்றியது. வேலை செய்யாதவரை என்ன செய்தீர்கள், இரண்டு பேர் சண்டை பிடித்தபோது என்ன செய்தீர்கள், நல்ல ஊழியர் விலகப் போகிறேன் என்றபோது என்ன சொன்னீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள்.

நான்காவது வேலையை நேரத்துக்கு முடிப்பது. பிந்திப்போன வேலைக்கு இன்னும் ஐந்து பேரைச் சேர்க்கிறேன் என்று சொன்னால் உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள். பிந்திய சொப்ட்வெயார் வேலைக்கு ஆள் கூட்டினால் அது மேலும் பிந்தும் என்று பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். புதியவருக்கு வேலை காட்டிக் கொடுப்பதிலேயே பழையவரின் நேரம் போய்விடும். வேலையின் அளவைக் குறைப்பதா, தவணையை மாற்றுவதா, அதை வாடிக்கையாளரிடம் எப்போது சொல்வது என்பதே அங்கே எதிர்பார்க்கும் பதில்.

கடைசியாகக் கம்பனியின் கொள்கைகளுக்கு ஆள் பொருந்துவாரா என்று பார்ப்பார்கள். அமேசன் கம்பனி 16 கொள்கைகளை வெளிப்படையாகவே வெளியிட்டிருக்கிறது. போகும் கம்பனியின் கொள்கையை வாசிக்காமல் போகக் கூடாது.

ஒரு கொப்பி போடுங்கள்

தயாரிப்பின் முக்கிய பகுதி இதுதான். ஒரு மாதத்துக்கு முன்பே ஒரு கொப்பி எடுத்து, கடந்த ஐந்து வருடத்தில் நடந்த பத்துச் சம்பவங்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் நான்காகப் பிரிக்க வேண்டும்: நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, விளைவு என்ன. பத்தில் இரண்டாவது சறுக்கிய சம்பவமாக இருக்க வேண்டும். அதைக் கட்டாயம் கேட்பார்கள். சறுக்கியதே இல்லை என்பவரை யாரும் நம்புவதில்லை.

உதாரணத்துக்கு ஒன்று. "சிஸ்டம் நின்றது, நாங்கள் எல்லோரும் சேர்ந்து கஷ்டப்பட்டுச் சரி செய்தோம்" என்பது வெறும் பதில். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மாத முடிவில் கொடுப்பனவு சிஸ்டம் நாற்பது நிமிடம் நின்றது. ஏழு பேர் கொண்ட குழுவுக்கு நான் பொறுப்பு. காரணம் தெரியும் வரை காத்திராமல் முந்திய நாள் செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க முடிவு செய்தேன். வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல ஒருவரை ஒதுக்கினேன். பிறகு மாதத்தின் கடைசி மூன்று நாளில் மாற்றம் செய்யக் கூடாது என்று விதி வைத்தேன். அடுத்த ஒரு வருடம் அப்படி நிற்கவில்லை." இதில் திகதி இருக்கிறது, எண் இருக்கிறது, முடிவு எடுத்தவர் யார் என்பதும் இருக்கிறது.

அதோடு விடமாட்டார்கள். "அந்த மாற்றத்தைச் செய்த பையனிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்பார்கள். அவன் மேல் பழியைப் போட்டால் பரீட்சை அங்கேயே முடிந்தது.

நம் பிள்ளைகள் இடறும் இடம்

பெருமை பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள் நம்முடையவை. அது நல்ல வளர்ப்பு. ஆனால் தான் செய்ததைக் கேட்கும் இடத்திலும் "நாங்கள்" என்றே சொல்லி ஒதுங்கினால், கேட்பவருக்கு உங்கள் பங்கு தெரியாது. யூசுப் நபி (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டதையும், அதற்கான தகுதியைத் தம் வாயாலேயே சொன்னதையும் நாம் அறிவோம். உள்ளதைத் தேவையான இடத்தில் சொல்வது பெருமை அல்ல. அது சாட்சி.

அதே நேரம் இல்லாததைச் சொல்லக் கூடாது. நண்பனின் சம்பவத்தைத் தன்னுடையதாகச் சொல்பவர் மூன்றாவது துணைக் கேள்வியில் மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொள்ளாவிட்டாலும் அது ஹலாலான சம்பாத்தியமாகுமா என்று யோசிக்க வேண்டும். பழைய கம்பனியின் வாடிக்கையாளர் விபரம், விலை, இரகசியம் எதையும் வெளியே விடவும் கூடாது. அவை அமானிதம். இன்று பழைய முதலாளியின் கணக்கைச் சொல்பவர் நாளை நம் கணக்கையும் சொல்வார் என்று கேட்பவருக்குத் தெரியும்.

சம்பளம் பேசும்போது

வேலை கிடைத்த சந்தோஷத்தில் கையொப்பம் வைக்க வேண்டாம். ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி 3 வீதமும் கட்ட வேண்டும். எந்தத் தொகை மீது கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் சேரும். நாலரை வருடத்தில் விலகுபவர் அதை இழப்பார். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் அதே வருடம் 360ஐத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியாவது டொலருடன் இணைந்ததா என்று கேட்பதில் வெட்கம் இல்லை. ஜும்ஆவுக்கான நேரத்தையும் முதலிலேயே மரியாதையாகப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வாப்பாமார் செய்யக்கூடியது

ஆள் தேடுவதை விட்டுவிட்டு, இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் மகனின் முன்னால் உட்காருங்கள். கொப்பியை வாங்கி ஒவ்வொரு சம்பவமாகக் கேளுங்கள். உங்களுக்குக் கணினி தெரியாதது இங்கே நல்லது. உங்களுக்கு விளங்காத பதில் இன்னும் தெளிவாகவில்லை என்று அர்த்தம். "அப்போது நீ என்ன செய்தாய்? எவ்வளவு மிச்சமானது? அந்த ஆள் இப்போது எங்கே?" என்று, கடையில் கணக்குக் கேட்பது போலவே கேளுங்கள். முப்பது வருடம் கல்லாவில் இருந்தவருக்கு இந்தக் கேள்விகளை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மகள் இந்தத் துறையில் இருந்தால் அவளுக்கும் இதே அரை மணியைக் கொடுங்கள்.

இதில் நமக்கும் ஆதாயம் உண்டு. அடுத்த முறை கிளைக்கு ஆள் எடுக்கும்போது, ஊரையும் உறவையும் மட்டும் விசாரிக்காமல், "கையிருப்புக் குறைந்த ஒரு நாளைச் சொல், அன்று நீ என்ன செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலில் அந்த ஆளின் தரம் தெரிந்துவிடும்.

முயற்சி நம்முடையது, ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருவது. ஒரு கொப்பியும் ஒரு பேனையும் வாங்கிக் கொடுத்து இன்றே தொடங்குங்கள்.