இரண்டாம்மொழிச் சரளத்தை அளத்தலில் முதல்மொழியின் இடம்

இரண்டாம்மொழியில் தயங்கித் தயங்கிப் பேசுபவருக்கு அம்மொழி இன்னும் கைவரவில்லை என்று மதிப்பிடுவது எளிது. அவர் தம் முதல்மொழியிலும் அவ்வாறே நின்று நிதானித்துப் பேசுபவராக இருக்கலாம். அந்நிலையில் குறைக்கப்படும் மதிப்பெண் அவருடைய மொழித்திறனுக்கு உரியதா, இயல்புக்கு உரியதா என்னும் வினா எழுகிறது.

முதல்மொழியினரும் சரளத்தில் ஒருவருக்கொருவர் வேறுபடுவர் என்பதைச் சார்லஸ் ஃபில்மோர் 1979இலேயே விளக்கினார். இடைவிடாது பேசுதல், பொருட்செறிவுடன் பேசுதல், சூழலுக்கேற்பப் பேசுதல், மொழியைப் புதுமையுறக் கையாளுதல் என நான்கு திறன்களை அவர் பிரித்துக்காட்டினார். பிற்கால அளவீட்டு ஆய்வுகள் முதலாவதையே பெரிதும் பற்றிக்கொண்டன. அது எண்ணுவதற்கு எளிது என்பதும் ஒரு காரணமாகலாம்.

நார்மன் செகலோவிட்ஸ் 2010இல் வெளியிட்ட நூலில் சரளத்தை மூன்று தளங்களில் காண்கிறார். சொல்லைத் தேடித் தொடரமைக்கும் மனச்செயல்பாடு ஒன்று. ஒலிப்பதிவில் அளக்கத்தக்க பேச்சு மற்றொன்று. கேட்போர் கொள்ளும் மதிப்பீடு பிறிதொன்று. இவற்றுள் இரண்டாவதை ஆய்வாளர் வேகம், இடைநிறுத்தம், திருத்தம் எனப் பகுத்து அளக்கின்றனர். இடைநிறுத்தங்களை நீக்கிய நேரத்தால் அசைகளை வகுத்தால் ஒலிப்பு வேகம் கிடைக்கும். நீக்காமல் வகுத்தால் வேகமும் மௌனமும் ஒன்றாய்க் கலந்துவிடும். பல ஆய்வுகள் 250 மில்லி வினாடிக்குக் குறைந்த மௌனத்தைக் கணக்கில் கொள்வதில்லை. க்க, ட்ட, ப்ப போன்ற இரட்டித்த வல்லினங்களை ஒலிக்கையில் காற்று தடைப்படுவதாலும் சிறு மௌனம் தோன்றும். அதனைத் தயக்கமெனக் கொள்வது பிழை. மௌனத்தின் நீளத்தினும் அதன் இடம் கூடுதலாக உணர்த்துகிறது. தொடரின் முடிவில் நிற்பது இருசாராருக்கும் பொதுவாக இருக்க, தொடரின் நடுவே நிற்பது இரண்டாம்மொழியினரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது.

நிவ்யா தெ யோங்கும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் முதன்மையானது. ஆங்கிலத்தையும் துருக்கியத்தையும் முதல்மொழியாகக் கொண்டு டச்சு பேசுவோரை இருமொழியிலும் பேசச்செய்து அவர்கள் ஒப்பிட்டனர். டச்சுப் பேச்சின் சரள அளவுகளுள் பெரும்பாலானவற்றை முதல்மொழிப் பேச்சைக் கொண்டே ஓரளவு கணிக்க முடிந்தது. முதல்மொழி இயல்பைக் கழித்துத் திருத்திய அளவு எல்லாக் கூறுகளிலும் பயன்தரவில்லை. அசையின் கால அளவில் மட்டுமே அது மொழித்திறனை மேலும் நன்கு காட்டியது.

இம்முறையைத் தமிழருக்குப் பொருத்துகையில், எத்தமிழை முதல்மொழிப் பேச்சாகக் கொள்வது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். வீட்டுப் பேச்சில் தடையின்றி உரையாடுபவர் மேடைத்தமிழுக்கு மாறியதும் சொல் தேடி நிற்பதுண்டு. மேலும், ‘வந்து’ என்பது பேச்சில் வினையாகவும் வரும், இடைவெளியை நிரப்பும் சொல்லாகவும் வரும். அசைகளைத் தானாக எண்ணும் மென்பொருள் இவ்விரண்டையும் வேறுபடுத்தாது. கேட்டுப் பிரித்தெழுதும் பணி ஆய்வாளருடையதே.